மிருதங்கம் 11 கிலோ, பெட்டி 6 கிலோ

வழக்கமாக இந்தப் பக்கத்துக்கு வருகிற கேள்விகள் கோர்வை, மோஹரா, முத்தாய்ப்பு என்று மிருதங்கத்தின் தாளக் கணக்காக இருக்கும். போன இதழில் பேச்சுவாக்கில், “மிருதங்கம் 11 கிலோ, அதை வைத்து அனுப்பும் பெட்டி 6 கிலோ, விமானத்தில் இலவசமாக விடுவது 15 கிலோ. என் வேட்டி சட்டைக்கு நான் எங்கே போவேன்?” என்று எழுதிவிட்டேன். அவ்வளவுதான். தவில்காரர், கேமராக்காரர், மகளுக்குக் கிரைண்டர் கொண்டுபோகும் அம்மா என்று ஆளாளுக்கு எழுதித் தள்ளிவிட்டார்கள். ஆகவே இந்த முறை லயத்துக்கு விடுமுறை. முப்பது வருடம் பக்கவாத்தியக்காரனாகப் பறந்து, கவுண்டர் கவுண்டராகத் தண்டம் அழுதவன் என்ற ஒரே தகுதியில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: நாங்கள் நான்கு பேர். இரண்டு நாகசுரம், இரண்டு தவில். டெல்லியில் ஒரு கல்யாணம். பெண் வீட்டார் டிக்கெட் போட்டு வாட்ஸப்பில் அனுப்பினார்கள். சென்னை விமான நிலையத்தில் தவில்காரர் இருவரிடமும் சேர்த்து 13,200 ரூபாய் வாங்கிவிட்டார்கள். திரும்பும்போதும் அதே கதை. சம்பளத்தில் பாதி விமானத்துக்கே போய்விட்டது. இது நியாயமா ஐயா?
— த.க., திருவாரூர்

நியாயத்தை அப்புறம் பார்ப்போம், முதலில் கணக்கு. உங்கள் கடிதத்தோடு இணைத்திருந்த ரசீதுகளைப் பார்த்தேன். பெட்டியோடு தவில் 21 கிலோ, துணிப்பை 6 கிலோ, ஆக ஒருவருக்கு 27. இலவசம் 15 போக 12 கிலோ அதிகம். இரண்டு பேருக்கு 24 கிலோ. கிலோவுக்கு 550 ரூபாய் வீதம் 13,200. கணக்கில் தப்பில்லை. தப்பு நடந்தது அதற்கு முன்னால்.

நான்கு டிக்கெட்டும் நான்கு தனித்தனி பி.என்.ஆர். எண்ணில் போடப்பட்டிருக்கின்றன. நாகசுரக்காரர் இருவரும் ஆளுக்கு 6 கிலோ துணிப்பையை மட்டும் போட்டுவிட்டு 9 கிலோவைச் சும்மா விட்டுவிட்டார்கள். அந்த 18 கிலோ காற்றோடு போயிற்று. நான்கு பேரும் ஒரே பி.என்.ஆரில் இருந்திருந்தால், உள்நாட்டுப் பயணத்தில் பல நிறுவனங்கள் மொத்த எடையைச் சேர்த்துத்தான் பார்க்கும். நான்கு பேருக்கு 60 கிலோ. உங்கள் மொத்தச் சரக்கு 66. ஆறு கிலோதான் அதிகம், 3,300 ரூபாயோடு முடிந்திருக்கும்.

அதையும் கொடுக்க வேண்டியதில்லை. தவில்காரர் இருவரும் தங்கள் துணிப்பையைக் கையோடு உள்ளே எடுத்துப் போயிருக்கலாம். கேபினில் 7 கிலோ உண்டு, பை 6 கிலோதான். நாகசுரக்காரருக்குக் கையில் நாகசுரம் இருப்பதால் அவர்கள் துணிப்பை கீழே போகட்டும். இப்போது கீழே போவது தவில் 21, 21, பை 6, 6. மொத்தம் 54 கிலோ, நான்கு உருப்படி. நான்கு பேருக்கு நான்கு உருப்படி என்பது முக்கியம். ஏனென்றால் சில நிறுவனங்களில் அந்த 15 கிலோவும் ஒரே பெட்டியாக இருக்க வேண்டும். இரண்டாவது பெட்டி என்றால், எடை மீதமிருந்தாலும், உருப்படிக்கென்று தனியாகக் காசு. இது பலருக்குக் கவுண்டரில் போய் நின்ற பிறகுதான் தெரிகிறது.

ஒன்று கவனியுங்கள். தவில் குச்சி, நட்டு முறுக்கும் ஸ்பேனர் இரண்டையும் தவில் பெட்டிக்குள்ளேயே போட்டுவிடுங்கள். கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் நிற்க வேண்டியிருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு வித்வானின் குச்சியைக் குப்பைத் தொட்டியில் போடச் சொல்லிவிட்டார்கள். நாகசுரத்தில் அடியில் புனல் மாதிரி இருக்கும் அணசைக் கழற்றிவிட்டாலும், நீளக் குழலான உலவு, கேபின் பைக்கு உரிய 55 சென்டிமீட்டருக்குள் அடங்காது. இதுவரை விட்டார்கள் என்பதால் நாளைக்கும் விடுவார்கள் என்று எண்ணக் கூடாது. முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்சடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். “போனில் சொன்னாங்க” என்றால் கவுண்டரில் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

எடை கூடத்தான் போகிறது என்று தெரிந்தால், அதை டிக்கெட்டோடு சேர்த்து இணையத்திலேயே வாங்கிவிடுங்கள். விமான நிலையத்தில் வாங்குவதைவிட மலிவு. ஆனால் அங்கேயும் ஒரு கொக்கி இருக்கிறது. 5 கிலோ, 10 கிலோ என்று பொட்டலமாகத்தான் விற்பார்கள். ஆறு கிலோ அதிகம் என்றால் பத்து கிலோ வாங்க வேண்டும். விலை குறைவாகத் தெரிகிற சில டிக்கெட்டுகளில் செக்-இன் பையே கிடையாது, கைப்பை மட்டும்தான். பெண் வீட்டார் அப்பாவியாக அதைப் போட்டு அனுப்பினால் முதல் கிலோவிலிருந்தே மீட்டர் ஓடும்.

சரி, நியாயம். 2016இல் டி.ஜி.சி.ஏ., அதாவது விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் இயக்குநரகம், 15 கிலோவுக்கு மேல் 20 கிலோ வரை கிலோவுக்கு 100 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. விமான நிறுவனங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2017 ஆகஸ்டில் அந்த உத்தரவு ரத்தாயிற்று. அன்றிலிருந்து விலை அவர்கள் வைத்ததுதான். டிக்கெட் விலையிலிருந்து பிரித்துத் தனியாகக் காசு வாங்கிக்கொள்ளலாம் என்று டி.ஜி.சி.ஏ. அனுமதித்திருக்கிற சேவைகளின் பட்டியலில் இருக்கை, சாப்பாடு, விளையாட்டுச் சாமான் இவற்றோடு “இசைக்கருவி கொண்டுசெல்லுதல்” என்றும் ஒரு வரி இருக்கிறது. கோல்ஃப் மட்டையும் தவிலும் அங்கே ஒரே சாதி. ஆனால் அதே சுற்றறிக்கையில், இந்தக் கூடுதல் சேவைகளைப் பயணி தானாகத் தேர்ந்தெடுத்தால்தான் கட்டணம் என்றும், அவர்களே டிக் போட்டு வைத்துவிட்டு வேண்டாம் என்றால் நீக்கிக்கொள் என்று சொல்லக் கூடாது என்றும் இருக்கிறது. டிக்கெட் போடுகிற பையனிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

இன்னொன்று. கச்சேரி பேசும்போது “போக்குவரத்துச் செலவு உங்களுடையது” என்று சொல்கிறோம். கல்யாண வீட்டார் அதை டிக்கெட் என்று புரிந்துகொள்கிறார்கள். “டிக்கெட்டும், வாத்தியத்துக்கு விமானத்தில் வாங்குகிற கூலியும்” என்று இனிமேல் விரித்துச் சொல்லுங்கள். தாம்பூலத்தோடு ரசீதையும் நீட்டுவதில் வெட்கம் எதற்கு?

கேள்வி: இத்தனை தொல்லைக்கு ரயிலிலேயே போகலாமே?
— எம்.எஸ்., விழுப்புரம்

போகலாமே. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 40 கிலோ, இரண்டடுக்கு ஏசியில் 50, முதல் வகுப்பு ஏசியில் 70 கிலோ இலவசம். திருச்சிக் கச்சேரிக்கு நான் இன்றைக்கும் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்தான். மிருதங்கத்தைக் கீழ் பெர்த்துக்கு அடியில் தள்ளிவிட்டு, ஒரு காலை அதன் மேல் வைத்துக்கொண்டு தூங்குவேன். சிங்கப்பூருக்குத் தண்டவாளம் போடட்டும், அதையும் பார்க்கலாம்.

கேள்வி: டல்லாஸில் இருக்கும் மகளுக்கு டேபிள்டாப் கிரைண்டர் கொண்டுபோகிறேன். கோயம்புத்தூரிலிருந்து மும்பை, அங்கிருந்து அமெரிக்கா. டிராவல்ஸ்காரர் இரண்டு 23 கிலோ பெட்டி இலவசம் என்கிறார். பக்கத்து வீட்டில் 15 கிலோதான் என்கிறார்கள். யார் சொல்வது சரி?
— ஒரு வாசகி, பீளமேடு

இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம் அம்மா. கோயம்புத்தூரிலிருந்து டல்லாஸ் வரை ஒரே டிக்கெட்டாக, ஒரே பி.என்.ஆரில் இருந்தால் முதல் விமானத்திலும் அமெரிக்கக் கணக்கே செல்லும். டிராவல்ஸ்காரர் ஓர் ஆயிரம், இரண்டாயிரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று கோயம்புத்தூர்–மும்பையைத் தனி டிக்கெட்டாகப் போட்டிருந்தால், அந்த ஒரு மணி ஐம்பது நிமிடப் பயணத்துக்கு உள்நாட்டுக் கணக்கு. 46 கிலோவோடு போய் நின்றால் 31 கிலோவுக்குக் காசு. கையில் இருக்கும் டிக்கெட்டை எடுத்து எத்தனை பி.என்.ஆர். என்று இன்றைக்கே எண்ணிப் பாருங்கள். கூடவே, இரண்டு பெட்டி என்பதும் எல்லா டிக்கெட்டிலும் இல்லை. மலிவு ரகத்தில் ஒன்றுதான் விடுகிறார்கள். டிக்கெட்டில் ‘1பிசி’, ‘2பிசி’ என்று அச்சாகியிருக்கும்.

அமெரிக்கக் கணக்கில் ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு பெட்டி 26, இன்னொன்று 20, கூட்டினால் 46தானே என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு பெட்டியும் 23க்குள் இருக்க வேண்டும். ஆகவே கிரைண்டர் உடம்பு ஒரு பெட்டியில், குழவிக் கற்கள் இன்னொன்றில். கல்லைப் பருத்திப் புடவையில் சுற்றி, பெட்டியின் நடுவில் வையுங்கள். ஓரத்தில் வைத்தால் பெட்டியின் மூலையைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். பெட்டிக்கு அமெரிக்கச் சோதனைக்காரர்கள் திறக்கக்கூடிய பூட்டு போடுங்கள். எக்ஸ்ரேயில் உருண்டையாக, கனமாகக் கல் தெரிந்தால் அவர்கள் திறந்து பார்க்காமல் விட மாட்டார்கள். வேறு பூட்டென்றால் உடைப்பார்கள். பார்த்துவிட்டு உள்ளே ஒரு சீட்டு வைத்துவிட்டுப் போவார்கள், பயப்பட வேண்டாம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அங்கே மின்சாரம் 120 வோல்ட். நம் வீட்டுக் கிரைண்டர் 230 வோல்ட்டுக்குச் செய்தது. உங்கள் ஊரிலேயே 110 வோல்ட் என்று அச்சிட்ட மாடல் விற்கிறார்கள். கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கிய ஊர், அங்கே கிடைக்காததா? வாங்கும்போது அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைத் திருப்பிப் பாருங்கள். என் தங்கை பார்க்கவில்லை. அவள் கொண்டுபோன கிரைண்டர் நியூஜெர்ஸியில் பூந்தொட்டிக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது.

கேள்வி: கல்யாண வீடியோ எடுக்கிறேன். கோலாலம்பூரில் ஒரு ரிசப்ஷன். இரண்டு கேமரா, ட்ரைபாட், லைட், பேட்டரி என்று 60 கிலோ வருகிறது. போன தடவை மதுரையில் மூன்று பேட்டரியைப் பிடுங்கிக்கொண்டார்கள். எப்படிக் கொண்டுபோவது அண்ணா?
— ஜே., பழங்காநத்தம்

எத்தனை கிலோ குறைக்கலாம் என்று முதலில் பாருங்கள் தம்பி. லைட் ஸ்டாண்டு, ட்ரைபாட், சாஃப்ட் பாக்ஸ் எல்லாம் கோலாலம்பூரில் வாடகைக்குக் கிடைக்கும். ஸ்டாண்டு காலில் போடும் மணல் பையை மணலோடு பெட்டியில் வைத்து, அதற்கும் கிலோக் கணக்கில் அழுத ஒரு புண்ணியவானை எனக்குத் தெரியும். பையைக் காலியாகக் கொண்டுபோங்கள். மணல் எல்லா ஊரிலும் இருக்கிறது.

பேட்டரிக்கு வருவோம். லித்தியம் பேட்டரி தனியாக இருந்தால் செக்-இன் பெட்டிக்குள் போகக் கூடாது, கையோடுதான் வர வேண்டும். கீழே சரக்கறையில் தீப்பிடித்தால் யாராலும் கிட்டே போய் அணைக்க முடியாது என்பதால் இந்த விதி. அளவுக்கு வாட்-மணி என்று பெயர். வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் வரும். 100 வாட்-மணி வரை கையில் கொண்டுபோகலாம். அதற்கு மேல் 160 வரை நிறுவனத்தின் அனுமதியோடு இரண்டே இரண்டு. அதையும் தாண்டினால் பயணிகள் விமானத்தில் கைப்பொருளாக ஏற்ற மாட்டார்கள். கேமராவுக்குப் பின்னால் மாட்டுகிற பெரிய வி-மவுண்ட் பேட்டரி பலவும் 95, 98 என்று நிற்பது தற்செயல் இல்லை. விமானத்துக்காகவே அந்த அளவில் செய்கிறார்கள். 20,000 எம்.ஏ.ஹெச். பவர்பேங்க் என்றால் 20 ஆம்பியர்-மணி, 3.7 வோல்ட், ஆக 74 வாட்-மணி. தாராளமாகப் போகலாம்.

அப்படியானால் உங்கள் மூன்று பேட்டரி ஏன் போயிற்று? அளவு காரணமாக இருக்காது, ஸ்டிக்கராகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். வருடக்கணக்கில் மாட்டிக் கழற்றி எழுத்து அழிந்துபோயிருக்கும். எண் படிக்க முடியாத பேட்டரியைச் சோதனைக்காரர் சந்தேகமாகத்தான் பார்ப்பார். புதிதாக வாங்கியதும் எழுத்தின் மேல் ஒளி ஊடுருவும் டேப்பை ஒட்டிவிடுங்கள். முனைகளின் மேல் இன்சுலேஷன் டேப். ஒவ்வொன்றையும் தனித்தனி ஜிப் பையில் போடுங்கள். சோதனையில் நாமே எடுத்து ட்ரேயில் பரப்பிவிட்டால் பாதிக் கேள்வி வராது. முன்னே ஒரு கேமராக்காரர் பேட்டரியையெல்லாம் சாக்ஸில் சுருட்டி வைத்திருந்தார். வரிசை முழுக்க அவருக்காக நின்றது, நானும் அதில் ஒருவன்.

திரும்பி வரும்போது சுங்கத்தில் இன்னொரு வம்பு காத்திருக்கும். “இந்த கேமராவை மலேசியாவில் வாங்கினாயா?” என்று கேட்டால், இல்லை என்பதற்கு என்ன அத்தாட்சி? போகும்போதே விமான நிலையச் சுங்கத்தில் கேமரா, லென்ஸ் எண்களைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். கொஞ்சம் முன்னதாகப் போனால் போதும். பெரிய படப்பிடிப்புக் குழு என்றால் ஏ.டி.ஏ. கார்னே என்று ஓர் ஆவணம் இருக்கிறது, இந்தியாவில் ஃபிக்கி என்கிற தொழில் வர்த்தகக் கூட்டமைப்பு கொடுக்கிறது. தொழில் கருவியை ஒரு நாட்டுக்குள் வரியில்லாமல் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர அது போதும். ஆனால் அதற்கு ஈடு கட்ட வேண்டும், கட்டணமும் உண்டு. ஒரு ரிசப்ஷனுக்கு அது கட்டுப்படியாகாது.

கேள்வி: கவுண்டரில் கொஞ்சம் கெஞ்சினால் விட்டுவிடுவார்கள் என்கிறார்களே?
— ப.வே., நாமக்கல்

இருபது வருடத்துக்கு முன்னால் விட்டார்கள். “வித்வானா சார், பரவாயில்லை” என்பார்கள். இப்போது தராசு நேராகக் கணினியோடு பேசுகிறது. கவுண்டரில் இருக்கும் பெண் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. பல இடங்களில் அவர் அந்த விமான நிறுவனத்தின் ஆள்கூட இல்லை, வேறொரு ஒப்பந்தக் கம்பெனி ஊழியர். அவரிடம் கத்தி என்ன ஆகப்போகிறது?

கெஞ்சுவதற்குப் பதில் தராசைச் சந்தேகப்படுங்கள். ஒருமுறை என் பெட்டி 23.9 காட்டியது. வீட்டில் தொங்கு தராசில் போட்டபோது 23 சரியாக இருந்தது. “பக்கத்துக் கவுண்டரில் ஒரு தடவை வைத்துப் பார்க்கலாமா?” என்றேன். மறுக்கவில்லை. அங்கே 23.1. அந்தத் தொங்கு தராசை நான் ஐந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கினேன். முதல் பயணத்திலேயே காசு திரும்பிவிட்டது. கோட்டுப் பையில் குழவிக்கல்லைப் போட்டுக்கொண்டு நடக்கும் வித்தையெல்லாம் வேண்டாம், முதுகு போய்விடும்.

கேள்வி: துபாய் போய் இறங்கிப் பார்த்தால் மிருதங்கக் கட்டையில் விரிசல். கவுண்டரில் ஒரு சிவப்புச் சீட்டில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். “நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், எங்கள் பொறுப்பில்லை” என்கிறார்கள். அவ்வளவுதானா?
— ஒரு மாணவர், நங்கநல்லூர்

விரிசல் என்ற சொல்லைப் படித்ததும் எனக்கே வயிற்றைப் பிசைந்தது. பல வருடத்துக்கு முன் அமெரிக்காவில் கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனைக்குப் போனபோது நடந்தது. இடையில் இரண்டு விமானம் மாறினோம். ஓட்டல் அறையில் பெட்டியைத் திறந்து, வலது பக்கமான வலந்தலையை ஒரு தட்டுத் தட்டினேன். ‘தீம்’ வர வேண்டிய இடத்தில் ஓட்டைப் பானை மாதிரி ஒரு சத்தம். வார்களுக்கு நடுவே விரலை விட்டுத் தடவினேன். தொப்பி என்கிற இடது பக்கத்து விளிம்பிலிருந்து நாலு விரற்கடை நீளத்துக்குப் பலாமரம் பிளந்திருந்தது. மறுநாள் சாயங்காலம் கச்சேரி. அங்கே ஒரு பள்ளிக்கூடப் பையன் தன் மிருதங்கத்தைக் கொடுத்தான். அவன் கட்டை சின்னது, என் கை பெரியது. தனி ஆவர்த்தனம் முழுக்க அந்நியர் வீட்டுச் சமையலறையில் சமைக்கிற மாதிரி இருந்தது.

நான் செய்த தப்பு, விமான நிலையத்திலேயே பெட்டியைத் திறந்து பார்க்காதது. பெட்டி உருண்டு வந்தவுடன் அங்கேயே திறங்கள். கூச்சப்படாமல் தட்டிப் பாருங்கள். அடிபட்டிருந்தால் அந்த ஹாலைவிட்டு வெளியே வராமல், பொருட்சேத அறிக்கை எழுதி வாங்குங்கள். பி.ஐ.ஆர். என்று கேட்டால் தருவார்கள். நான் மறுநாள் படத்தோடு மின்னஞ்சல் அனுப்பினேன். “பேக்கிங் சரியில்லை” என்று பதில் வந்தது. எட்டு மாதம் இழுத்து, கடைசியில் 300 டாலர் கொடுத்தார்கள். மிருதங்கத்தின் விலைக்கு அது காணாது. ஆனாலும் எழுதியவனுக்குத்தான் அதுவும் கிடைத்தது.

உங்கள் விஷயத்தில் இன்னும் வழி இருக்கிறது. சர்வதேசப் பயணத்துக்கு 1999இன் மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கிறது. சேதம் என்றால் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தாமதம் என்றால் 21 நாள். நட்டஈட்டுக்கு உச்சவரம்பு எஸ்.டி.ஆர். என்கிற சர்வதேசக் கணக்கு அலகில் இருக்கிறது. 2024 டிசம்பர் 28 முதல் அது 1,519. நம் பணத்தில் ஒன்றே முக்கால் லட்சத்தைத் தாண்டும். அதற்காக அவ்வளவும் தருவார்கள் என்று இல்லை, நட்டத்தை நிரூபித்த அளவுக்கு. மிருதங்கம் செய்தவரிடமிருந்து ஒரு ரசீதோ, பழுது பார்க்க இவ்வளவு ஆகும் என்று ஒரு கடிதமோ வாங்கி இணையுங்கள். நம் ஆட்கள் ரசீது வாங்கவே மாட்டார்கள், கேட்டால் அவருக்கு மரியாதைக் குறைவு என்பார்கள்.

அந்தச் சீட்டைப் பற்றி. ‘லிமிட்டெட் ரிலீஸ்’ என்பார்கள். உடையக்கூடிய பொருள் என்று தெரிந்தே ஒப்படைத்தேன் என்று நம்மிடம் எழுதி வாங்குவது. உடன்படிக்கையின் 26ஆவது பிரிவு, நிறுவனம் தன் பொறுப்பைக் கழற்றிவிடவோ வரம்பைக் குறைக்கவோ போடுகிற எந்த நிபந்தனையும் செல்லாது என்கிறது. பொருளிலேயே குறை இருந்து அதனால் உடைந்தது என்றால் அவர்கள் தப்பிக்கலாம். ஆகவே சீட்டைக் கண்டு சோர்ந்துவிடாதீர்கள். புகார்க் கடிதத்தில் 17, 26, 31 என்று மூன்று பிரிவு எண்ணையும் எழுதுங்கள். ‘தயவுகூர்ந்து’ என்று நாலு இடத்தில் எழுதுவதைவிட அது வேலை செய்யும். இன்னும் ஒரு மாதிரிச் சீட்டில் ‘ஏற்கெனவே சேதமடைந்தது’ என்ற கட்டத்தில் அவர்களே டிக் போட்டு நீட்டுவதும் உண்டு. அதைப் படித்துவிட்டுப் பிறகு பேனாவை எடுங்கள்.

உள்நாட்டுப் பயணத்துக்கு வரம்பு வெறும் 20,000 ரூபாய். அதற்கு மேல் மதிப்புள்ள வாத்தியம் என்றால், ஒப்படைக்கும்போதே மதிப்பைச் சொல்லிக் கூடுதல் கட்டணம் கட்டலாம். அதைவிட வாத்தியத்துக்குத் தனிக் காப்பீடு எடுப்பது நல்லது என்பது என் கட்சி. எவ்வளவு பெரியவராக இருந்தாலும் இது நடக்கும். 2014இல் உஸ்தாத் அம்ஜத் அலி கானின் சரோதே லண்டனிலிருந்து டெல்லி வருகிற வழியில் காணாமல் போய், சில நாள் கழித்துத்தான் கிடைத்தது.

கேள்வி: ஆஸ்திரேலியாவில் தோல் வாத்தியத்தைப் பிடுங்கிவிடுவார்களாமே? அடுத்த மாதம் மெல்பர்ன் போகிறோம்.
— கே.ஆர்., தாம்பரம்

சொல்லாமல் கொண்டுபோனால்தான் வம்பு. மரம், தோல், தின்பண்டம் எதுவாக இருந்தாலும் இறங்கும் அட்டையில் ‘ஆம்’ என்று எழுதிவிடுங்கள். தோலில் முடி ஒட்டிக்கொண்டிருக்கிறதா, மரத்தில் பூச்சி துளைத்த ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். போவதற்கு முன் வார்களின் இடுக்கையெல்லாம் பழைய டூத் பிரஷ்ஷால் துடைத்துவிடுங்கள்.

மெல்பர்னில் ஓர் அதிகாரி என் மிருதங்கத்தைப் பார்த்து முடித்துவிட்டு, பெட்டி ஓரத்தில் இருந்த சிறிய பொட்டலத்தை எடுத்தார். ரவை. “இது சாப்பாடா?” என்றார். இல்லை, வாத்தியத்துக்கு என்றேன். அவர் முகத்தில் நம்பிக்கை இல்லை. சரி என்று தண்ணீர் கேட்டு வாங்கி, ஒரு சிட்டிகை ரவையை உள்ளங்கையில் பிசைந்து, தொப்பியின் நடுவில் அப்பி, ஒரு ‘தொம்’ வாசித்துக் காட்டினேன். பக்கத்து மேஜையிலிருந்து இரண்டு பேர் எழுந்து வந்துவிட்டார்கள். மிருதங்கம் உள்ளே போயிற்று. மீதி ரவை போகவில்லை. அந்த ஊர்க் கடையிலேயே ரவை கிடைக்கிறது, நீங்கள் அதைப் பொட்டலம் கட்ட வேண்டாம்.

கேள்வி: வீணைக்குத் தனி சீட் வாங்கலாமா? வாங்கினால் அதற்கும் சாப்பாடு தருவார்களா?
— ஒரு வீணை மாணவி, தஞ்சாவூர்

வாங்கலாம். ஆனால் இணையத்தில் ‘திருமதி வீணை’ என்று பெயர் போட்டு வாங்காதீர்கள், பல நிறுவனங்கள் அதை ஏற்காது. நிறுவனத்தைப் போனில் அழைத்து, கேபின் பேக்கேஜுக்குக் கூடுதல் இருக்கை என்று சொல்லிப் பதிய வேண்டும். உயரத்துக்கும் எடைக்கும் வரம்பு இருக்கிறது, அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஜன்னலோரம்தான் தருவார்கள், வீணை யார் வழியையும் மறிக்கக் கூடாது. கீழே போட்டால் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 158 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். வீணைப் பெட்டி எப்படியும் 200ஐத் தாண்டும். சில இடங்களில் எண்ணிக்கைக்கு ஒன்று, எடைக்கு ஒன்று, அளவுக்கு ஒன்று என்று ஒரே பெட்டிக்கு மூன்று கட்டணம் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும். அப்படிப் பார்த்தால் சீட்டே மலிவாக வரலாம், கூட்டிப் பாருங்கள். அமெரிக்காவில் இதற்கென்றே சட்டம் வந்து, 2015 முதல் விதி நடப்பில் இருக்கிறது. சிறிய வாத்தியம் என்றால், ஏறும் நேரத்தில் மேலே இடமிருந்தால் ஏற்றியாக வேண்டும். நம் நாட்டில் அப்படி ஒன்று வரக் காணோம். தண்டியை, அதாவது வீணையின் நீண்ட கழுத்தை, கழற்றி மாட்டும் பயண வீணையும் இப்போது செய்கிறார்கள், உங்கள் ஊரிலேயே விசாரியுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி. ஒருமுறை ஒரு வீணை அம்மாவோடு லண்டன் போனேன். ஜன்னலோரம் வீணை, பெல்ட்டெல்லாம் போட்டு உட்கார்ந்திருந்தது. நடுவில் அந்த அம்மா, இந்தப் பக்கம் நான். பணிப்பெண் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து பட்டியலைப் பார்த்தார், மூன்று சீட்டுக்கும் காசு கட்டியிருக்கிறது. வீணையைக் காட்டி, “இவங்களுக்கு வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?” என்றார். “சுத்த சைவம், பலாமரம்” என்றார் அந்த அம்மா. தட்டு வந்தது. பனீரை அவர் எடுத்துக்கொண்டார். குலாப் ஜாமூன் என் பங்கு.